ஏறுமுன் சொல்லுங்கள் கூலியை!

(தென்னையேறும் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)

உழைப்பாளத் தோழர்களே! தோப்புடைய உழவர் பெருமக்களே!

மரத்தினின்று இறங்கி வியர்வையைத் துடைக்கும்போது, "எவ்வளவு வேண்டும்?" என்று தோப்புக்காரர் கேட்கின்றார். "பார்த்துக் கொடுங்கள்" என்கின்றோம் நாம். அந்த இரண்டு சொற்களைப் பற்றியே இன்று பேச வந்திருக்கின்றேன். தச்சர் அவ்வாறு சொல்வதில்லை, கொத்தர் சொல்வதில்லை. காலில் தளை மாட்டி 60 அடி உயரம் ஏறுகின்ற நாம் மட்டுமே நம் உழைப்பின் விலையைப் பிறர் மனத்திற்கு விட்டுவிடுகின்றோம்.

கூலி என்பது தாழ்ந்த சொல் அன்று. மெய்வருத்தத்தின் பயனைக் குறிக்கத் திருவள்ளுவரே ஆண்ட சொல் அது. அதைக் கேட்க நாணுதல் எற்றுக்கு? நாண வேண்டியது, கணக்கின்றிக் கேட்பதற்கே.

யானும் இருபது ஆண்டுகள் தளை மாட்டியவன். நாளொன்றுக்கு 1,000 உருபா பெற்றபோது, திங்களுக்கு 25 நாள், 25,000 உருபா என்று மனக்கணக்குப் போட்டு மகிழ்ந்தேன். ஒரு கார்த்திகைத் திங்களில் தொடர்ந்து மழை. இழந்த நாள்களை ஈடுகட்ட, மரம் காயுமுன்னரே ஏறினேன். நாற்பதோடு நிறுத்தாமல் ஐம்பதாவது மரத்திலும் ஏறினேன். தளை வழுக்கியது. முழங்கால் மூட்டு விலகி மூன்று திங்கள் படுக்கையிற் கிடந்தேன். அந்த மூன்று திங்களும் என் கூலிக் கணக்கில் இல்லை. என்னை வீழ்த்தியது மழை மட்டுமன்று. குறைந்த கூலியும் சேர்ந்தே வீழ்த்தியது.

ஆகவே, கூலியை நாளிலிருந்து கணக்கிடாதீர்கள், ஆண்டிலிருந்து கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக ஒன்று சொல்கின்றேன். உங்கள் ஊருக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்டின் 365 நாள்களில் மழையும் ஈரமும் 60 நாள்களைக் கொள்ளும். கிழமைக்கு ஒருநாள் உடலுக்கு ஓய்வு, 52 நாள். ஒரு காய்வெட்டுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 45 நாள் இடைவெளி உண்டாதலின், அழைப்பே வாராத நாள்கள் 50. நோய், நல்லது கெட்டதுகளுக்கு 23. எஞ்சுபவை 180 நாள்களே. நாளுக்கு 1,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000, திங்களுக்கு 15,000. நான் எண்ணி மகிழ்ந்த 25,000 எங்கே, இந்த 15,000 எங்கே!

இனிச் செலவைப் பாருங்கள். குடும்பத்திற்குத் திங்களுக்கு 20,000 வேண்டுமெனின் ஆண்டுக்கு 2,40,000. கருவிகளுக்கும் போக்குவரவுக்கும் 20,000. மருத்துவத்திற்கும் காப்பீட்டிற்கும் 15,000. கால் தளர்ந்த பின் வாழ்வதற்கான சேமிப்பு 25,000. ஆகமொத்தம் 3,00,000. இதனை 180 நாளால் வகுத்தால் நாட்கூலி ஏறத்தாழ 1,667 உருபா. ஒருநாளில் 40 மரமே ஏறுவது என்று வரம்பிட்டால், மரமொன்றுக்கு ஏறத்தாழ 42 உருபா.

"இதனை உழவர் தாங்குவரா?" என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. நெட்டை மரமொன்று ஆண்டுக்கு 80 காய் தருவதாகக் கொள்வோம். எட்டு வெட்டில் வெட்டுக்குப் பத்துக் காய். காயொன்றுக்கு வெட்டுக்கூலி 4 உருபா 20 காசு. காய்விலை சரிந்த காலத்தில் சிறு தோப்புக்காரர்க்கு இதுவும் சுமைதான். அப்போது கூலியைக் குறைக்காதீர்கள். காய்ப்புக் குறைந்த மரங்களை அந்தச் சுற்றில் விட்டு, ஏறும் மரங்களைக் குறைக்கச் சொல்லுங்கள். ஏறுகின்ற மரத்தில் காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் நீக்குங்கள். கொண்டையில் வண்டு குடைந்திருந்தால் அதை உடனே சொல்லுங்கள். உழவரும் வாழ வேண்டும். நாமும் வாழ வேண்டும்.

எல்லா மரத்திற்கும் ஒரே கூலி என்பதும் முறையன்று. மிகு நெட்டைக்கும், வீட்டுக்கூரைமேற் சாய்ந்த மரத்திற்கும் கூடுதல் கேளுங்கள். மின்கம்பி உரசும் மரத்திலோ, எவ்வளவு கொடுத்தாலும் மின்சாரத்தை நிறுத்தாமல் ஏறாதீர்கள். ஈரமரத்திற்கும் அப்படியே. உயிருக்குக் கூலி வகுக்க எந்தக் கணக்கும் இல்லை. கூலிக்கு ஈடாகக் காய் பெறும் வழக்கமுள்ள ஊர்களில், அன்றைய சந்தைவிலைப்படி காயை எண்ணி வாங்குங்கள்.

இறுதியாக ஒன்று. ஒருவன் 42 கேட்க, மற்றொருவன் 30-க்கு ஏறினால், இருவருமே வீழ்வர். முப்பதுக்கு ஏறுபவன் அதே வருவாய்க்கு 56 மரம் ஏற வேண்டும். வழுக்குவது அந்த மிகுதி மரங்களில்தான். ஆதலின், ஊர்தோறும் கூடி ஓர் அடிக்கூலியை முடிவுசெய்யுங்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் வழியாக மரமேறுவோர்க்கு நேர்ச்சிக் காப்பீடு உண்டு. அதிற் சேராதார் உடனே சேருங்கள்.

நாளை விடியலில் தளையைக் கையிலெடுக்குமுன், தோப்புக்காரர் முகத்தை நேரே பார்த்து, இத்தனை மரம், இன்ன வேலை, இவ்வளவு கூலி என்று சொல்லுங்கள். அவர் ஒப்பிய பின் ஏறுங்கள். இறங்கிய பின் கேட்பது இரக்கம். ஏறுமுன் சொல்வதே உரிமை.