மிலான் நகரின் பழுப்புத் தொட்டி



மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடச் சொல்லி ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. பிரிக்கத் தெரியாமல் இல்லை. மீந்த சோறும் மீன் முள்ளும் ஒரு டப்பாவில் ஒரு ராத்திரி கிடந்தால், காலையில் அடுப்படிக்குள் கால் வைக்க முடியாது. அந்த நாற்றத்துக்குப் பயந்தே எல்லாவற்றையும் ஒரே பையில் முடிந்து வெளியே தள்ளிவிடுகிறோம்.

இத்தாலியின் மிலான் நகரம் இந்த நாற்றத்தைத்தான் முதலில் கவனித்தது. ஏறக்குறைய 13 லட்சம் பேர் வாழும் ஊர். பெரும்பாலோர் அடுக்குமாடிவாசிகள். யார் எதைப் போட்டார் என்று கண்டுபிடிக்க முடியாத இடத்தில் சமையல் கழிவைத் தனியாக வாங்குவது நடக்கிற காரியமா? 2012 நவம்பரில் தென்மேற்குப் பகுதியில் மட்டும் தொடங்கினார்கள். ஊரை நான்காகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்து, 2014 ஜூனில் நகரம் முழுவதையும் முடித்தார்கள்.

வீட்டுக்கு வீடு முதலில் போய்ச் சேர்ந்தது ஒரு சின்னக் கூடை. 10 லிட்டர் கொள்ளும், சுற்றிலும் துளைகள். கூடவே 25 மக்கும் பைகள். சூட்சுமம் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் கழிவு தண்ணீர் விட்டு, புளித்து, நாறும். இந்தக் கூடையில் காற்று ஓடுகிறது. மாவுச்சத்து கலந்து செய்த பை ஈரத்தை ஆவியாக வெளியே விடுகிறது. உள்ளே இருப்பது வாடிச் சுருங்கி எடையும் குறைகிறது. அதனால் வாரம் இரண்டு முறை வண்டி வந்தாலே அங்கே சமாளிக்க முடிகிறது. மதுரை வெயிலில் அப்படி விட்டால் கூடை தானே எழுந்து தெருவுக்கு நடந்துவிடும். நமக்குத் தினமும் வண்டி வந்தாக வேண்டும்.

நிரம்பிய பையைக் கட்டி, கட்டடத்து முற்றத்தில் நிற்கும் சக்கரம் வைத்த பழுப்புத் தொட்டியில் போட வேண்டும். வண்டி வரும் நாளில் அதைத் தெருவுக்குத் தள்ளி வைப்பார்கள். மற்ற குப்பைக்குக் கறுப்புப் பை கிடையாது. உள்ளே இருப்பது தெரிகிற பைதான். வாழைப்பழத் தோல் ஒளிந்திருந்தால் பணியாளர் கண்ணில் பட்டுவிடும். அபராதமும் தனி ஆளுக்கு இல்லை, கட்டடத்துக்கே. அதற்குப் பிறகு மாமியார் வேலையை அக்கம்பக்கத்தாரே பார்த்துக்கொள்கிறார்கள்! ஆளுக்கு ஆண்டுக்கு 90 கிலோ அளவில் சமையல் கழிவு சேர்ந்தது. அதில் கலந்து வந்த வேண்டாத பொருள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அடுக்குமாடி ஊருக்கு இது லேசுப்பட்ட கணக்கு இல்லை.

வண்டிகளில் ஏறிய கழிவு பெர்காமோ நகருக்குப் பக்கத்தில் மொந்தெல்லோ என்ற ஊரிலுள்ள ஆலைக்குப் போனது. ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய ஆலை அது. இப்போது காற்றில்லாத கலன்களில் கழிவை நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள். மிஞ்சுவதை மக்கவைத்து உரமாக வயலுக்கு அனுப்புகிறார்கள்.

இலவசமாகக் கொடுத்த 25 பைகள் எத்தனை நாளைக்கு வரும்? இங்கே ஒரு பழைய சட்டம் கைகொடுத்தது. 2011 முதலே இத்தாலிக் கடைகளில் சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. கடையில் தரும் மக்கும் பையே வீட்டுக் கூடைக்கு உறையானது. 2018 ஜனவரியில் காய்கறி, பழம் போடும் மெல்லிய பையும் மக்குவதாக இருக்க வேண்டும், அதற்குத் தனியாகக் காசும் வாங்க வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு பைக்கு 1 முதல் 3 சென்ட். அந்தச் சில்லறைக்கு நாடே கொதித்தது. சிலர் பையே வேண்டாம் என்று ஒவ்வொரு ஆரஞ்சாக எடை போட்டு, ஒவ்வொன்றின் மேலும் விலைச்சீட்டு ஒட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள். ஆனால் பல கடைகளில் சீட்டு அடிக்கும் தராசே பைக் காசையும் சேர்த்துக் கணக்குப் போடும். பத்து ஆரஞ்சுக்குப் பத்துப் பைக் காசு!