எஃகு உலைக்குள்ள ஒரு சேலத்துக் கல்

ஏற்காடு, தலைச்சோலைன்னு பைக்ல சுத்துறவங்க, சேர்வராயன் மலை அடிவாரத்துல வெள்ளையா வெட்டிப் போட்ட குன்றுகளைப் பார்த்திருப்பீங்க. ஆங்கிலேயர்கள் வச்ச பேரு 'சாக் ஹில்ஸ்'. ஆனா அது சுண்ணாம்பு இல்ல, மேக்னசைட். ஊர்ப்பேச்சுல வெள்ளைக்கல்.

எஃகு உலையோட சூடு 1,600 டிகிரியைத் தொடும். அதுல சுவரும் சேர்ந்து உருகிடாம இருக்க, உள்பக்கம் மக்னீசியா செங்கல் அடுக்குவாங்க. அதுக்குத்தான் இந்தக் கல்லைச் சூளையில சுடறாங்க.

கணக்கைப் பாருங்க. சுத்தமான மேக்னசைட் 100 கிலோ சுட்டா, மக்னீசியா 48 கிலோதான் கிடைக்கும். மீதி 52 கிலோ, கார்பன் டை ஆக்சைடா காத்துல போயிடும். சூரிய மின்சாரத்துல சுட்டாலும் அது குறையாது. ஏன்னா அது கல்லுக்குள்ளேயே இருக்கு. எரிபொருள் புகை தனிக்கணக்கு.

தேய்ஞ்ச செங்கல்லைப் பெயர்த்ததும் குப்பைமேட்டுக்கு அனுப்பவேண்டியதில்ல. தரம் பிரிச்சு, நொறுக்கி, மின்வில் உலையிலேயே கசடோட சேர்க்கலாம். கசடுல மக்னீசியா போதுமான அளவு இருந்தா, அது சுவரை அரிக்கிறதும் குறையும். புதுசா சுட்டதுக்குப் பதிலா இப்படித் திரும்ப வர்ற ஒவ்வொரு கிலோ மக்னீசியாவுக்கும், 2 கிலோவுக்கு மேல கல்லு மண்ணுலயே தங்கும். 1 கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு மிச்சம்.

ஒரே சிக்கல், பிரிக்கிறதுதான். குரோமியம் உள்ள செங்கல் கலந்துடக் கூடாது. அதனால பெயர்க்கும்போதே தனித்தனியா எடுக்கணும். அதுக்கு ஆளும் நேரமும் ஒதுக்கணும்.

இனி யாராவது 'பசுமை எஃகு'ன்னு சொன்னா, "பழைய செங்கல் எங்க போகுது?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க.