எந்த அளவுகோலால் அளப்பது?

(அம்பத்தூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் விவாதம் நடத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். என் வகுப்பில் நடந்த ஒன்றையே சொல்லிவிடுகிறேன்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் அடுத்த தெரு விளையாட்டு மாதிரி. பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் பக்கத்துப் பாடியில் வளர்ந்தவர்கள். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் என் எட்டாம் வகுப்பில் அதே பேச்சுதான். குகேஷ் பெரியவரா, ஆனந்த் பெரியவரா என்று தொடங்கி, கைகலப்பு வரை போனது. சரி, முறையாகவே விவாதிக்கலாம் என்று தலைப்புக் கொடுத்தேன்: 'எக்காலத்துக்கும் சிறந்த சதுரங்க வீரர் யார்?'

நன்றாகப் படிக்கும் ஒன்பது பேரை நானே தேர்ந்தெடுத்து மூன்று அணியாக்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

முதல் அணி கார்ல்சனுக்காகப் பேசியது. 2014 மே மாதம் அவர் எட்டிய தரப்புள்ளி 2882. அதற்கு மேல் எவரும் போனதில்லை என்றார்கள். இரண்டாம் அணி காஸ்பரோவுக்காக எழுந்தது. 1985 முதல் 2000 வரை 15 ஆண்டுகள் பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர் என்றார்கள். மூன்றாம் அணி ஆனந்துக்கு. அவர் 2000இல் நாக்அவுட் முறையிலும், 2007இல் தொடர் போட்டி முறையிலும், 2008இல் கிராம்னிக்கை நேருக்கு நேர் சந்தித்தும் பட்டம் வென்றவர். மூன்று வகையிலும் வென்ற வேறொருவரைக் காட்டுங்கள் என்றார்கள். வகுப்பே கை தட்டியது.

பிறகு எதிர்வாதம் வந்தது. ஆண்டுக் கணக்குத்தான் முக்கியம் என்றால் 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் சாம்பியனாக இருந்த லாஸ்கரை ஏன் விட்டீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அவர் 1897க்கும் 1907க்கும் இடையில் பட்டத்துக்காக ஒரு போட்டிகூட ஆடவில்லை என்று பதில் வந்தது. தரப்புள்ளிக்கும் மறுப்பு வந்தது. தரப்புள்ளி, தன் காலத்து ஆட்டக்காரர்களோடு ஆடிய வெற்றி தோல்வியிலிருந்து கணக்கிடப்படுவது. 1972இல் ஃபிஷரின் புள்ளி 2785, அடுத்த இடத்திலிருந்த ஸ்பாஸ்கியின் புள்ளி 2660. கழித்துப் பார்த்தால் 125 புள்ளி இடைவெளி. உயரத்தைப் பார்த்தால் கார்ல்சன், இடைவெளியைப் பார்த்தால் ஃபிஷர்.

சத்தம் கூடியது. முடிவு சொல்லிவிட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று எழுந்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வாய் திறக்காத பையன். அவன் அப்பா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி.

"சார், எங்க அப்பா ஷாஃப்ட்டோட கனத்தை டேப் வச்சு அளக்க மாட்டாரு, வெர்னியர் எடுப்பாரு. ரூமோட நீளத்துக்கு வெர்னியர் எடுக்க மாட்டாரு. இவங்க மூணு பேரும் வேற வேறய அளக்குறாங்க. எதை அளக்குறோம்னு முதல்ல சொல்லணும்ல சார்?"

வகுப்பு அடங்கிவிட்டது. நானும்தான்.

அதன்பின் விவாதத்தை மாற்றிக்கொண்டோம். ஒவ்வொருவரும் முதலில் அளவுகோலை எழுத வேண்டும், பெயரைப் பிறகுதான் எழுத வேண்டும். எழுதிய அளவுகோலை எல்லா வீரர்களுக்கும் ஒரேமாதிரி பொருத்த வேண்டும். கடைசியாக, அந்த அளவுகோல் யாரை மறைக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது கேள்விதான் புதிய பெயர்களைக் கொண்டுவந்தது. 'பிறருக்குப் பாதை போட்டவர் யார்?' என்று ஒரு குழு எழுதியது. அந்த அளவுகோலில் மானுவல் ஆரோன் மேலே வந்தார். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். 1972இல் சென்னையில் அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். அந்த ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2023இல் அந்தத் தகுதியைப் பெற்ற நம் பாடி வைஷாலி 84ஆவது. உலகத் தரவரிசையில் ஆரோனின் பெயர் உச்சியில் இருந்ததில்லை. ஆனாலும் அவரில்லாமல் இந்தக் கணக்கு தொடங்குவதில்லை.

இப்போது அந்த ஒன்பது பேர் விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்துத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். கடைசி வரிசைப் பையனின் பெயர் அருகில் 'ஆர்வம் போதாது' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். டேப்பை வைத்து ஷாஃப்ட்டை அளந்தவன் நான்தான்.

பதிவேடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒன்றை அளக்கிறது, சரியாகவே அளக்கிறது. அது அளக்காததை அளக்க நம் கையில் இன்னொரு கருவி இருக்க வேண்டும். அடுத்த மாத விவாதத்துக்கு அவனையே நடுவராக்கினேன். முதல் கேள்வியாக அவன் கேட்டது, "எதை வச்சு மார்க் போடணும், சார்?"

எக்காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று என் வகுப்பு இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் கைகலப்பு நின்றுவிட்டது. இப்போது யாராவது ஒரு பெயரைச் சொன்னால், "எந்த அளவுல?" என்று நாலு பேர் கேட்கிறார்கள்.

உங்கள் வகுப்பிலும் இதை ஒருமுறை நடத்திப் பாருங்கள். கடைசி வரிசையில் கை உயரும் வரை முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.