பெண்டாட்டியை அடிக்கப் பாத்தியதை ஏது?



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், வீட்டிற்குள் அடிபடுகிற பெண் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்குவது எப்படி என்பதாகும். இது வக்கீல்கள் பேச வேண்டிய சங்கதி என்று சிலர் நினைக்கலாம். வக்கீல் வீட்டிலும் அடி விழுகிறபடியால் நாமும் பேசலாம்.

தெருவில் போகிற ஒருவனை நாம் கன்னத்தில் அறைந்தால் நாலு பேர் கூடி நம்மைப் பிடித்துப் போலீசில் கொடுப்பார்கள். வண்டிமாட்டை அளவுக்கு மீறி அடித்தால்கூட மிருகவதைச் சட்டம் இருக்கிறது. ஆனால், தாலி கட்டின பெண்ணை அடித்தால் மாத்திரம் அதே நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு, "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்கிறார்கள். இந்தப் பாத்தியதையை ஆணுக்கு யார் கொடுத்தது? மநுதர்மம் எட்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள். மனைவி, பிள்ளை, அடிமை, வேலைக்காரன் ஆகியவர்கள் தப்புச் செய்தால் கயிற்றாலோ மூங்கில் பிளாச்சாலோ அடிக்கலாம், ஆனால் முதுகில்தான் அடிக்கவேண்டும், தலையில் அடிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. நம்மவர்களில் அநேகருக்கு மநுவின் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் அடிக்கிற உரிமையை மாத்திரம் பத்திரமாக வைத்துக்கொண்டு, தலையில் அடிக்காதே என்றதை விட்டுவிட்டார்கள்.

இது எங்கோ வடநாட்டுச் சங்கதி என்றும் நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த தேசீயக் குடும்பநலக் கணக்குப்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் புருஷனால் அடியோ பலாத்காரமோ பட்டவர்கள் இந்தியா முழுவதும் சேர்த்து 100-க்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். பகுத்தறிவு நாடு என்று மேடையில் மார்தட்டுகிற நமக்கு இந்தக் கணக்கு வெட்கத்தைத் தரவேண்டாமா?

சரி, அடிபட்ட பெண் என்ன செய்கிறாள்? போலீசுக்குப் போனால் புருஷன் ஜெயிலுக்குப் போவான். பிறகு அடுப்பு எரிவது எப்படி என்று யோசிக்கிறாள். தாய்வீட்டுக்குப் போனால் ஒரு வாரம் சோறு போட்டு, எட்டாம் நாள் புத்தி சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஆகவே பொறுத்துக்கொண்டு கிடப்பது, அல்லது குடும்பத்தையே முறித்துக்கொண்டு போவது, இந்த இரண்டு வழிதான் உண்டு என்று எண்ணிவிடுகிறாள். மூன்றாவது வழி ஒன்று இருப்பதை அவளுக்குச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமுலில் இருந்துவருகிறது. இதன்படி எடுத்த எடுப்பில் யாரையும் ஜெயிலில் போடுவதில்லை. விவாகரத்தும் கேட்கவேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் அந்த மனிதனைப் பார்த்து, "இவளை அடிக்காதே, வையாதே, இவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, போனிலும் தொந்தரவு செய்யாதே, இவள் நகையை விற்காதே" என்று உத்தரவு போடுவார். அவன் வழக்கம்போல் வேலைக்குப் போகலாம், சம்பாதிக்கலாம். கை மாத்திரம் நீளக்கூடாது. அடி மட்டுமல்ல, ஓயாத வசவும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், வீட்டுச் செலவுக்குக் காசு கொடுக்காமல் பட்டினி போடுவதும்கூட இந்தச் சட்டத்தில் வன்முறைதான். புருஷன் பேரில் மட்டுமென்றும் இல்லை. மகனிடம் அடிபடும் தாயும், அண்ணனிடம் அடிபடும் தங்கையும் கேட்கலாம். மாமியார், நாத்தி பேரிலும் கேட்கலாம்.

"உத்தரவு வாங்கிக்கொண்டு எங்கே போய்ப் படுப்பாள்?" என்று கேட்பீர்கள். போகவே வேண்டாம். வீடு யார் பேரில் இருந்தாலும், குடியிருந்த வீட்டில் இருப்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு. மாமனார் பேரில் உள்ள வீடு என்றால் உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2006-ல் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு சரியல்லவென்று அதே கோர்ட் 2020 அக்டோபரில் தள்ளிவிட்டது. அவசியமானால் அடிக்கிற ஆணை வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லவும், அல்லது அவளுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்கச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. நடு ராத்திரியில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டியவள் அடிபட்டவள்தான் என்கிற பழைய நியாயத்துக்கு இங்கே இடமில்லை.

இனி வாங்குகிற வழி. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் ஒருவரைச் சர்க்கார் வைத்திருக்கிறது. அவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னால் அறிக்கை எழுதி, விண்ணப்பம் தயாரித்துக் கோர்ட்டுக்கு அனுப்புவார். நேரே மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் போடலாம். அவளுக்காக வேறொருவர் போடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தாய்வீட்டிலோ தோழி வீட்டிலோ தற்சமயம் தங்கியிருந்தால் அந்த ஊர்க் கோர்ட்டே போதும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று தயங்கவேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். அவசரமானால் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

காயம் பட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். நம் நாட்டில் மாடிப்படியே இல்லாத வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் மாடிப்படியில் விழுகிறார்கள்!

மூன்று நாளைக்குள் முதல் விசாரணை வைக்கவேண்டும், 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்கவேண்டும் என்பது சட்டம். கோர்ட்டுகள் அப்படி முடிப்பதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் விண்ணப்பத்தோடு ஒரு சத்தியப் பிரமாணமும் வைத்து, இடைக்கால உத்தரவு வேண்டும் என்று முதல் நாளே கேட்கவேண்டும். ஆபத்து என்று தோன்றினால் எதிரி வராமலேயே அன்றைக்கே போடலாம். இதைக் கேட்கத் தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்து, மறுபடி அதே வீட்டில் அடிபட்ட பெண்கள் உண்டு.

உத்தரவு வெறும் காகிதந்தானே என்று கேலி பேசுவார்கள். அதை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீசார் வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம். ஜாமீனில் விட்டே தீரவேண்டிய குற்றமும் அல்ல. மீறியதற்கு அந்தப் பெண் ஒருத்தியின் சாட்சியத்தைக்கொண்டே கோர்ட் முடிவு செய்யலாம். ஆகையால் உத்தரவு நகலை அலமாரியில் பூட்டி வைக்காமல், ஒன்றைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள், ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். நகலுக்குக் கோர்ட்டில் காசு கிடையாது.

"இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் குடும்பம் கெட்டுப்போகாதா?" என்று ஒரு பெரியவர் இங்கே சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அய்யா, அடிக்காதவனுக்கு "அடிக்காதே" என்ற உத்தரவால் என்ன நஷ்டம்? பொய் வழக்கென்றால் அவனும் வக்கீல் வைத்துத் தன் பக்கத்தைச் சொல்லிக்கொள்ளட்டும். உத்தரவை மாற்றச் சொல்லியும் கேட்கட்டும். அடி விழுந்தால்தான் நிற்கும் குடும்பம் எதற்காக நிற்கவேண்டும்?

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் ஒரு பெண் அடிபட்டு ஓடிவந்தால், ராசி செய்து வைக்கிறோம் என்று பஞ்சாயத்து உட்காராதீர்கள். அந்தப் பஞ்சாயத்தில் இதுவரை ராசியானதெல்லாம் அடித்தவனுக்குத்தான். அவளோடு கூடப் புறப்பட்டுப் பாதுகாப்பு அலுவலர் ஆபீசுக்குப் போங்கள். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கத்து மேஜையில் விண்ணப்பப் பாரங்கள் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இரண்டு தோழியர்கள் இரவு ஒன்பது மணி வரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.