அட்டையும் இழையும்



காஞ்சிபுரத்தில் நெடுங்காலம் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்தவன் நான். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தம் கையால் ஒன்றைச் செய்து பார்த்துக் கற்பதன் பயனைப்பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இக்கருத்துப் புதியதன்று. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டே பிற பாடங்களைக் கற்பிக்கவேண்டுமென்று காந்தியடிகள் எடுத்துரைத்தார். ஆதாரக் கல்வி என்பது அதுவே. 2016-இல் நீதி ஆயோக் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டமும் ஆறாம் வகுப்பு முதற்கொண்டு மாணவர்களுக்கு மின்சுற்றையும் கருவிகளையும் கையில் கொடுக்கிறது. அத்தகைய கூடம் இல்லாத பள்ளி என்ன செய்வது? காஞ்சியின் தறியே அதற்கு விடை கூறும்.

பட்டுத்தறிகள் பலவற்றின்மேல் ஜக்கார்டுப் பெட்டி அமைந்திருக்கும். அதில் துவாரமிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். துவாரம் உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதனோடு இணைந்த பாவு இழை மேலே எழும்புகிறது. துவாரம் இல்லையேல் இழை கீழேயே நின்றுவிடும். அவ்விடைவெளியில் நாடா ஊடையைக் கொண்டு செல்லும்போது அன்னமும் மயிலும் உருவாகின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு இப்பொறியை 1804-இல் அமைத்தார். இவ்வட்டை முறையையே இங்கிலாந்தின் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு மேற்கொண்டார். 1890-இல் அமெரிக்கக் குடிக்கணக்கைத் தொகுத்த ஹோலரித்தின் பொறியும் துவார அட்டையைக் கொண்டே இயங்கியது.

இதனை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு கெட்டி அட்டையின் மேலும் கீழும் எட்டு வெட்டுகள் இட்டு, எட்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். கட்டமிட்ட தாளில் ஒரு பூவை வரையுங்கள். நிறைந்த கட்டத்திற்கு ஒன்று, வெற்றுக் கட்டத்திற்குச் சுன்னம் என எழுதுங்கள். ஒன்று வந்த நூலைத் தூக்கி, வண்ண நூலை ஊடே செலுத்துங்கள். எட்டே நூல்களை 256 வகையில் அமைக்கலாம் என்பதைக் கணக்கிட்டறிவீர்கள். கணிப்பொறியின் எழுத்தும் இவ்வொன்றும் சுன்னமுமே. ஒரு வரி தவறினால் பூ கோணிவிடும். தவறு எங்கே என்று தேடித் திருத்துவதில்தான் படிப்பு இருக்கிறது.

நெசவாளர் ஒருவர் என்னிடம், "ஐயா, தறி வேண்டாமென்றுதானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன், இங்கேயும் தறியா?" என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானதே. சென்ற நூற்றாண்டில் சிறுவர் பலர் பள்ளியை விட்டுத் தறிக்குச் சென்றதைக் காஞ்சி கண்டிருக்கிறது. "கூலிக்காக ஒரே வேலையை நாள் முழுதும் செய்யும் பிள்ளைக்குக் கேள்வி கேட்க இடமில்லை, இங்கே கேள்வி கேட்பதற்காகவே தறி வந்திருக்கிறது" என்றேன். அவர் சற்று யோசித்து, மறுவாரம் பழைய ஜக்கார்டு அட்டைகள் சிலவற்றைக் கொணர்ந்து, வகுப்பில் தாமே அவற்றை விளக்கினார். பாடநூலில் இல்லாத பல ஐயங்களை அன்று பிள்ளைகள் எழுப்பினர்.

ஆதலால் மாணவர்களே, உங்கள் ஊரின் தொழில் குயவுத் தொழிலாயினும், தச்சாயினும், அதன் கருவியொன்றை உற்று நோக்குங்கள். அது எவ்வாறு இயங்குகிறதென்று உரியவரைக் கேளுங்கள். பின்னர் அட்டையாலும் நூலாலும் அதன் சிறு உருவைச் செய்து பாருங்கள்.