ஆசனவாய்ச் சோதனை: யாருக்கு, எதற்கு?

ஆசனவாயில் இரத்தம் கசிந்தால் "மூலம்தான்" என்று களிம்பு வாங்கித் தடவிக்கொள்வோர் பலர். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் அதே இடத்தில் புற்றுநோயும் வரலாம். அப்புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு எச்.பி.வி. கிருமியே காரணம். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் அதே கிருமிதான்.

இச்சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். பஞ்சுக்குச்சியால் அணுக்களை எடுத்துச் சோதிப்பது முதற்படி. சந்தேகம் எழுந்தால் அசெட்டிக் அமிலம் தடவி உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார்கள். மாற்றம் கண்ட இடம் வெளுத்துத் தெரியும்; அங்கிருந்து துணுக்கு எடுப்பார்கள்.

பயனுண்டா? அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள, 35 வயதைக் கடந்த 4,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'ஆங்கர்' ஆய்வு 2022இல் வெளியானது. அனைவருக்கும் புற்றுநோய்க்கு முந்திய கடும் மாற்றம் இருந்தது. அதற்கு உடனே சிகிச்சை பெற்ற பாதிப்பேரில் 9 பேருக்குப் புற்றுநோய் கண்டது. கண்காணிப்பில் மட்டும் இருந்த மறுபாதியில் 21 பேருக்கு.

ஆனால் அக்கருவியைக் கையாளத் தேர்ந்த மருத்துவர்கள் குறைவு. மேல்சிகிச்சைக்கு வழியில்லாத ஊரில் பஞ்சுக்குச்சிச் சோதனை கவலையைத்தான் தரும். அங்கே விரலால் தடவிப் பார்க்கும் சோதனையாவது செய்துகொள்ளலாம். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபடும். கிளினிக் மருத்துவரே செய்துவிடுவார், சில நிமிடம்கூட ஆகாது. கேட்கத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்தில் உண்மையை மறைத்தால், சோதிக்க வேண்டும் என்று மருத்துவருக்கும் தோன்றாது.