500 பேராக நடித்த ஒரு மடிக்கணினி



2016ஆம் ஆண்டு ஓகஸ்ற் 9ஆம் திகதி இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவுஸ்திரேலியா முழுவதும் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப இருந்த இரவு. சாப்பாட்டை முடித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தால் பக்கம் திறக்கவில்லை. ஏழே முக்கால் அளவில் தளத்தை மூடினார்கள். மீண்டும் திறக்க ஏறத்தாழ 40 மணித்தியாலம் சென்றது. மணித்தியாலத்துக்கு 10 இலட்சம் படிவங்களைத் தாங்கும் என்று புள்ளிவிபரப் பணியகம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஆனால் தளம் விழுந்தது வேறு இடங்களில் தடுக்கி: சிறிய அளவிலான சேவைமறுப்புத் தாக்குதல்கள், வெளிநாட்டு வரவைத் தடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யாதது, நிறுத்தி இயக்கிய றூட்டர் ஒன்று மீண்டும் எழும்பாதது.

அன்றைக்கு நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பியது.

2018இல் எங்கள் சங்கத்தின் கலைவிழாவுக்கு முதல் தடவையாக இணையத்தில் ரிக்கற் விற்பதென்று முடிவாயிற்று. மண்டபத்தில் 900 இருக்கைகள். தளத்தைச் செய்தவர் ஒரு தொண்டர். சோதிக்கும் பொறுப்பு எனக்கு. ஜேமீற்றர் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. இத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணைக் கொடுத்தால், அத்தனை போலிப் பாவனையாளர்களை அது தளத்துக்கு அனுப்பும். வீட்டிலிருந்த மடிக்கணினியில் 500 என்று கொடுத்தேன். சராசரி பதில் நேரம் ஒரு செக்கனுக்கும் குறைவு. கூட்டத்தில் எழும்பி, "500 பேர் ஒன்றாக வந்தாலும் தாங்கும்" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு விற்பனை. 9:04க்குத் தளம் உறைந்துவிட்டது. இருக்கை கிடைக்காததைப் பொறுத்துக்கொள்ளலாம். சிலருக்குக் கடனட்டையில் காசு போய்விட்டது, ரிக்கற் வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு அம்மாவுக்கு ஐந்து ரிக்கற்றின் காசு மூன்று தரம் போயிருந்தது. "தம்பி, சங்கத்தை நம்பித்தானே நம்பரைப் போட்டனான்" என்றார். எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்து முடிக்க மூன்று கிழமை ஆனது.

பிறகுதான் பழைய சோதனைப் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். திரையில் 500 என்று இருந்தாலும், தளத்துக்கு உண்மையில் போனது செக்கனுக்கு 30 கோரிக்கைகள்தான். மடிக்கணினியின் மூளை முழுக்க நிரம்பி, போலிப் பாவனையாளர்கள் அதற்குள்ளேயே வரிசையில் நின்றிருக்கிறார்கள். கோரிக்கை புறப்பட்ட பிறகுதான் ஜேமீற்றரின் கடிகாரம் ஓடத் தொடங்கும். புறப்படக் காத்திருந்த நேரம் கணக்கில் வராது. அதனால்தான் பதில் நேரம் அவ்வளவு அழகாக இருந்தது. நான் அளந்தது தளத்தை அல்ல, என் மடிக்கணினியை.

இன்னும் பலமான கணினி வாங்கினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓரளவுக்குத்தான் போதும். லினக்ஸ் கணினி ஒன்று, இயல்பான அமைப்பில், ஒரு சேர்வரை நோக்கித் திறக்கக்கூடிய வாசல்கள் ஏறத்தாழ 28,000. தன் பக்கத்திலிருந்து மூடிய வாசலை அது 60 செக்கன் ஒதுக்கி வைக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பு என்றால் செக்கனுக்கு 470 அளவில் முட்டிவிடும். அதைவிட, வருபவரின் இணைய முகவரியைப் பார்த்துச் சேர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் தளங்களில், ஒரே கணினியிலிருந்து வரும் கூட்டம் முழுவதும் ஒரே சேர்வரில் போய் விழும். மற்றவை சும்மா இருக்கும்.

எனவே பல கணினிகள் வேண்டும். முதலில் நூலக அறை ஒன்றில் தொண்டர்களின் ஆறு மடிக்கணினிகளைக் கூட்டினோம். ஆறும் ஒரே இணைய இணைப்பில், வெளியே தெரிவது ஒரே முகவரி. இரண்டு நிமிடத்தில் தளத்தின் பாதுகாப்பு எங்களைத் தாக்குபவர்கள் என்று தடுத்துவிட்டது. அதன் முடிவைக் குறை சொல்ல முடியாது. பிறகு சிட்னியில் ஐந்து சிறிய கணினிகளை இணையம் வழியாக இரண்டு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்தோம். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை. தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி பெற்றோம், காசு செலுத்தும் பகுதியை வங்கியின் சோதனை வழிக்கு மாற்றினோம். அனுமதி இல்லாமல் செய்தால் அது சோதனை அல்ல, குற்றம்.

இம்முறை ஒரு கணினி கட்டளை கொடுக்கும், ஐந்தும் தளத்தை நெருக்கும். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு ஜேமீற்றரும் ஜாவாவும் இருக்கவேண்டும். இங்கும் நான் வழுக்கினேன். 500 என்று கொடுத்தால் ஐந்துக்கும் பிரித்துக் கொடுக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொன்றும் முழு 500ஐயும் ஓட்டும். 2,500 பேர் போய்ச் சேர்ந்தார்கள்! பெயர்ப்பட்டியலையும் நாமே ஐந்தாக வெட்டி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஆள் ஐந்து இடத்திலிருந்து உள்ளே வருவார். முடிவுகளைச் சேர்ப்பதிலும் கவனம் தேவை. '100 பேரில் 95 பேருக்கு இத்தனை செக்கனுக்குள் பதில்' என்ற அளவைக் கணினிக்கொன்றாக எடுத்துச் சராசரி போட்டால் அது ஒன்றையும் குறிக்காது. மூலப்பதிவுகளை ஒன்றாக்கித்தான் கணக்கிட வேண்டும்.

தலைக்கு 200 என்று குறைத்து, மொத்தம் 1,000 பேரோடு ஓட்டியபோது 9:04 மீண்டும் வந்தது. தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். ஒரே நேரத்தில் அது ஏற்கும் இணைப்புகள் இயல்பாக 151, அதை யாரும் தொட்டிருக்கவில்லை. ஒருவர் வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் முழுவதும் எங்கள் நிரல் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றது. 152ஆவது ஆளுக்குக் கதவு அடைபட்டது. அந்த நேரத்தில் காசு எடுபட்டவருடைய ரிக்கற்றைப் பதியவும் இணைப்புக் கிடைக்கவில்லை. 151ஐ 1,000 ஆக்கலாம் என்றார் ஒருவர். நான் விடவில்லை, அது நோயை ஒத்திப்போடுவது. இருக்கையைப் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டு இணைப்பை விட்டுவிடுவது, வங்கி பதில் சொன்னபின் மறுபடி எடுப்பது என்று நிரலை மாற்றினோம். ஒரே கொள்வனவுக்கு இரண்டாம் தரம் காசு எடுபடாமல் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் கொடுத்தோம்.

2019இல் 900 இருக்கைகளும் அரை மணித்தியாலத்தில் விற்று முடிந்தன. யாருக்கும் காசு திருப்ப வேண்டி வரவில்லை. அந்த அம்மா மட்டும் இணையத்துக்கு வரவில்லை. விழா நாளன்று மண்டப வாசலில் கைப்பையில் காசோடு வந்து நின்றார். ஐந்து கடதாசி ரிக்கற்றை எடுத்து வைத்திருந்தோம்.